சுருள் பூச்சிக்கு எத்தனை பெயர்கள்?

திருவண்ணாமலை, செங்கம், போளூர், சேத்துப்பட்டு வட்டாரங்களில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பாரும் உண்டு. பெயர் எதுவானாலும் செடி எது என்பதில் இங்கு யாருக்கும் ஐயமில்லை. மானாவாரி மல்லாட்டை மழையின்றி வாடி நிற்கும் நாட்களில், வயல் முழுவதும் தீய்ந்து போனதுபோல் காட்சி தருவதை நீங்கள் கண்டிருக்கலாம். அருகில் சென்று ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். சிற்றிலைகள் மடிந்து, நூலால் ஒட்டப்பட்டு, உள்ளே ஒரு சிறு புழு இருக்கும். இதைச் 'சுருள் பூச்சி' என்று உழவர்கள் அழைக்கின்றனர். பழைய மதராஸ் மாகாணத்துப் பூச்சியியலாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியபோதும் இந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்தாண்டனர்.

உழவர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அறிவியலார் இட்ட பெயரோ இன்றுவரை நிலைகொள்ளவில்லை. ஒரு நூலில் ஸ்டோமோப்டெரிக்ஸ் நெர்டீரியா என்றிருக்கும். இன்னொன்றில் ஸ்டோமோப்டெரிக்ஸ் சப்செசிவெல்லா. வேறொன்றில் அப்ரோயேரெமா மோடிசெல்லா. அண்மைக்கால நூல்களில் பிலோபாட்டா சப்செசிவெல்லா. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் இவை நான்கு பூச்சிகள் என்று எண்ணினால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

இந்தப் பெயர்க் குழப்பம் எப்படி வந்தது? இதற்கு வேர் 'வருணனை' என்ற இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு சிற்றுயிரை எப்படி வருணித்தால் அது வருணனை ஆகும், எப்படி வருணித்தால் ஆகாது என்பதைச் சுருள் பூச்சியை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பூச்சியின் தோற்றம்

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். தாய் அந்து இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. வெள்ளை நிறமான இந்த முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வெளிவரும் புழு நேராக இலைக்குள் துளைத்துச் செல்கிறது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் இடையே உள்ள பசுந்திசுவை அரித்துத் தின்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு சிறு பழுப்புக் கறை மட்டுமே தெரியும். சில நாட்களில் புழு வளர்ந்து, இந்தச் சுரங்கத்தில் இடம் போதாமல் வெளியே வருகிறது. அப்போதுதான் இலையை மடித்தும், அடுத்தடுத்த சிற்றிலைகளை நூலால் இணைத்தும் சுருள் அமைக்கிறது. சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பின்னர் அந்தாக வெளியேறுகிறது.

வெப்பநிலையைப் பொறுத்து இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே ஒரே பயிர்ப் பருவத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் வந்துவிடும். நல்ல மழை பெய்தால் பூச்சி குறையும். வறட்சி நீடித்தால் பெருகும்.

புழு பசுமை கலந்த நிறம், தலை கருமை. வளர்ந்த புழுக்களில் சிலவற்றின் முதுகு வழியே இளஞ்சிவப்பான ஒரு புள்ளி உள்ளிருந்து தெரியும். அவை ஆண் புழுக்கள். தெரிவது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. புழுப் பருவத்திலேயே ஆண், பெண் என்று கைலென்ஸால் பிரித்துவிடலாம் என்பது வியப்பான செய்தி அல்லவா?

இனி அந்துக்கு வருவோம். இதைப் பற்றி நம் நூல்களிலும் துண்டு வெளியீடுகளிலும் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: பழுப்பு நிறமான சிறிய அந்து, இறக்கை விரிந்த அகலம் சுமார் 10 மி.மீ.; முன்னிறக்கையின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. அத்துடன் வருணனை முடிந்துவிடும். அடுத்த வரி மருந்துக்குத் தாவிவிடும்.

ஒரு வரியின் போதாமை

இந்த வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஒரு வருணனைக்கு உண்மையாக இருப்பது மட்டும் போதுமா? அதைப் படித்த இன்னொருவர் அந்தப் பூச்சியை இனங்காண முடிய வேண்டும். இந்த வரியை அச்சோதனைக்கு உட்படுத்துவோம்.

இரவில் வயலோரம் ஒரு விளக்கை ஏற்றி வெள்ளைத் துணி கட்டிவையுங்கள். பழுப்பு நிறச் சிற்றந்துகள் பல வந்து அமரும். அவற்றுள் நெல் மூட்டையிலிருந்து வரும் அந்து இருக்கலாம்; 'அந்து' என்ற உடனே நம் நினைவுக்கு வருவது அதுதான். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்து இருக்கலாம். தக்காளி இலையைச் சுரங்கமிடும் பூச்சியின் அந்தும் இருக்கலாம். இவை எல்லாம் சுருள் பூச்சியுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கெலிக்கிடே என்பது அக்குடும்பத்தின் பெயர். பங்காளிகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பது போலவே இவையும் ஒத்திருக்கும்.

குடும்பத்தை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. வாயருகே இரண்டு நீட்சிகள் கொம்பு போல மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்னிறக்கையின் நுனி விரல்போல் நீண்டு, அதன் கீழ் விளிம்பு உள்வாங்கியிருக்கும். இறக்கையின் பின்புறம் நீண்ட மயிர்கள் குஞ்சம் போல் தொங்கும். எளிதில் காணத்தக்க இந்த அடையாளங்களைக்கூட நம் நூல்கள் கூறுவதில்லை. நிறத்தைக் கூறுகின்றன.

நிறம் நம்பத்தகுந்த சான்றா? இயற்பியல் மாணவர்களுக்கு விடை தெரியும். நாம் காணும் நிறம் பொருளை மட்டும் பொறுத்ததன்று. அதன்மேல் விழும் ஒளியையும் பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது. பகலொளியில் சாம்பல் நிறமாகத் தோன்றும் இறக்கை, மஞ்சள் விளக்கொளியில் பழுப்பாகத் தோன்றும். மேலும், அந்தின் நிறம் அதன் செதில்களில் இருக்கிறது. ஓட்டின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் இறக்கையில் அடுக்கப்பட்டுள்ள இச்செதில்கள் தொட்டால் உதிர்ந்துவிடும். நாலைந்து நாள் பறந்து திரிந்த அந்திலும் பல செதில்கள் உதிர்ந்திருக்கும். அப்போது அந்த வெள்ளைப் புள்ளி எங்கே?

கண்ணின் திறனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் 1 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 25 செ.மீ. தொலைவில் இது சுமார் 0.07 மி.மீ. ஆகிறது. ஒரு செதிலின் நீளம் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான். எனவே வெறும் கண்ணுக்குச் செதில்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை. அவற்றின் கலவை நிறமே தெரிகிறது. வெள்ளைச் செதிலும் கருஞ்செதிலும் கலந்திருந்தால் நாம் 'சாம்பல்' என்று எழுதிவிடுகிறோம். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றிருந்தால் 0.007 மி.மீ. வரை பிரித்தறியலாம், சாம்பல் என்பது சாம்பல் அன்று என்பது அப்போது புலப்படும்.

அளவிலும் இதே சிக்கல்தான். இறக்கை விரிந்த அகலம் 10 மி.மீ. என்கிறோம். இறக்கையைச் சிறிது முன்னே தள்ளி விரித்தால் ஓர் அளவு. பின்னே தள்ளி விரித்தால் வேறோர் அளவு. இவ்வளவு சிறிய பூச்சியில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் பத்து விழுக்காடு பிழை. பத்து விழுக்காடு பிழையுள்ள ஓர் அளவை எந்தச் செய்முறை ஏட்டிலும் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடாமல் விடமாட்டார். ஆகவேதான் இக்காலச் சிற்றந்து ஆய்வாளர்கள் பலர், முன்னிறக்கையின் அடியிலிருந்து நுனிவரை உள்ள நீளத்தை அளந்து தருகின்றனர். அது விரிக்கும் கோணத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

நான்கு பெயர்கள் வந்த கதை

இந்தப் போதாமை நம் துண்டு வெளியீடுகளில் தொடங்கியதன்று. அறிவியல் இப்பூச்சிக்குப் பெயரிட்ட வரலாற்றிலேயே அது இருக்கிறது.

வால்பெர்க் என்ற சுவீடன் நாட்டவர் தென் ஆப்பிரிக்காவில் சேகரித்த சிற்றந்துகளை ஆராய்ந்து, ஜெல்லர் என்ற ஜெர்மானியர் 1852-ல் நூல் வெளியிட்டார். அதில் ஒன்றுக்குச் சப்செசிவெல்லா என்று பெயரிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் தொகுத்த வாக்கர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அந்துக்கு 1864-ல் சிம்ப்ளெக்செல்லா என்று பெயரிட்டார். ஜாவாத் தீவின் அந்து ஒன்றுக்கு 1904-ல் டெவென்டர் மோடிசெல்லா என்று பெயர் வைத்தார். 1906-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மெய்ரிக், நம் பகுதி அந்துக்கு நெர்டீரியா என்று பெயர் வைத்தார். ஒருவர் கண்ட மாதிரியை மற்றவர் கண்டதில்லை.

இவை சிற்றினப் பெயர்கள். இவற்றுக்கு முன்னே வரும் பேரினப் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. ஸ்டோமோப்டெரிக்ஸ் என்றனர், அப்ரோயேரெமா என்றனர். 1954-ல் தென் ஆப்பிரிக்காவின் ஜான்ஸே இதற்கெனப் பிலோபா என்ற பேரினத்தை அமைத்தார். அப்பெயர் விலங்குலகில் ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்கியதால், 1986-ல் வாரி என்பவர் பிலோபாட்டா என்று மாற்றினார். மோடிசெல்லாவும் நெர்டீரியாவும் ஜெல்லரின் சப்செசிவெல்லாவே என்று இன்று பட்டியல்கள் கூறுகின்றன. ஒரே சிற்றினத்துக்குப் பல பெயர்கள் இருந்தால் முதலில் வெளியான பெயரே செல்லும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. எனவே 1852 முந்திக்கொண்டது.

மெய்ரிக்கின் பெருமையும் குறையும்

இந்த நால்வருள் மெய்ரிக் தனியே பேசத்தக்கவர். இந்தியச் சிற்றந்துகளைப் பற்றிய அறிவுக்கு அவரே பெரும் அடித்தளம். ஹாம்சன் எழுதிய இந்திய அந்துகள் பற்றிய நான்கு தொகுதிகள் 1892 முதல் 1896 வரை வெளிவந்தன. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய அனுபவம் உடையவர் ஹாம்சன். ஆனால் மிகச் சிறிய அந்துகளை அத்தொகுதிகள் விட்டுவிட்டன. அந்த இடைவெளியை நிரப்பியவர் மெய்ரிக். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியச் சிற்றந்துகளைத் தொடர்ந்து வருணித்தார். கோயம்புத்தூரிலும் பின்னர் பீகாரின் பூசாவிலும் பணியாற்றிய பூச்சியியலாளர் பிளெட்சர் போன்றோர் அவருக்கு மாதிரிகளை அனுப்பினர்.

மெய்ரிக் (1854–1938) பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மார்ல்பரோ பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். பள்ளி வேலைக்கு இடையே பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களை வருணித்தார் என்றால் அந்த உழைப்பை என்னவென்பது! இறக்கை நரம்புகளின் அமைப்பைக் கொண்டு வகைப்படுத்துவதில் அவர் முன்னோடி. அவருடைய சொற்சிக்கனம் புகழ்பெற்றது. மூன்று நான்கு வாக்கியங்களில் தலை, உணர்கொம்பு, முன்னிறக்கை, பின்னிறக்கை என வரிசை தவறாமல் சொல்லி முடிப்பார்.

அப்படியானால் குறை எங்கே? முதலாவது, அவர் படம் தரவில்லை. 1912 முதல் 1937 வரை அவர் தாமே வெளியிட்டுவந்த 'எக்ஸாட்டிக் மைக்ரோலெபிடாப்டிரா' என்ற தொடரில் ஆயிரக்கணக்கான வருணனைகள் உண்டு, படங்கள் இல்லை. இரண்டாவது, அவர் பெரிதும் நம்பியது நிறச் சொற்களை. 'ஃபஸ்கஸ்' என்பது அவருக்குப் பிடித்த சொல். மங்கிய கரும்பழுப்பு என்று பொருள் கொள்ளலாம். கரும் ஃபஸ்கஸ், வெளிர் ஃபஸ்கஸ் என்று அவர் மனத்தில் இருந்த வேறுபாடு படிப்பவர் மனத்தில் எப்படி வந்து சேரும்? மூன்றாவது, ஆண் அந்தின் இனப்பெருக்க உறுப்பின் கடினப் பகுதிகளைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடும் முறை அவர் வாழ்நாளிலேயே பரவிவிட்டது. பூட்டும் சாவியும் போலச் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடும் உறுப்புகள் அவை. ஆனால் மெய்ரிக் அம்முறையை ஏற்க மறுத்தார்.

விளைவு? அவர் மறைந்த பின், கிளார்க் என்ற அமெரிக்கர் மெய்ரிக்கின் மூல மாதிரிகளை எடுத்து, உறுப்புகளைப் பிரித்து, படங்களுடன் எட்டுத் தொகுதிகளாக 1955 முதல் 1970 வரை வெளியிட வேண்டியிருந்தது. ஒருவர் எழுதியதை இனங்காண இன்னொருவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்க நேர்ந்தது என்றால், அந்த எழுத்து தன் பணியை முழுமையாகச் செய்யவில்லை என்றுதானே பொருள்?

மெய்ரிக்கை இகழ்வது என் நோக்கமன்று. அவர் இல்லாவிட்டால் பல சிற்றினங்களுக்குப் பெயரே இருந்திராது. 1917-ல் அவர் பெரு நாட்டிலிருந்து வருணித்த ஓர் அந்து, பின்னாளில் தக்காளியின் கொடிய பகையாகி, 2006-ல் ஸ்பெயினை அடைந்து, 2014-ல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. அவர் வருணித்தபோது அது யாரும் அறியாத ஒரு சிற்றந்து. எந்தச் சிறு பூச்சி எப்போது நம் வயலுக்கு வரும் என்று எவரும் சொல்ல முடியாது. அதனாலேயே ஒவ்வொரு வருணனையும் பிறர் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும்.

பெயரால் என்ன கெட்டுவிட்டது?

'பெயர் என்னவானால் என்ன, புழு இலையைத் தின்கிறது, மருந்தடித்தால் போதாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். விடை ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

1998-ல் உகாண்டாவின் நிலக்கடலை வயல்களில் சுருள் பூச்சி தாக்கியது. பின்னர் மலாவி, தென் ஆப்பிரிக்கா எனப் பல நாடுகளில் கண்டனர். ஆசியாவிலிருந்து புதிதாக வந்த பூச்சி என்று கருதப்பட்டது. ஆனால் ஜெல்லர் 1852-ல் பெயரிட்ட மாதிரி தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது அல்லவா? இரண்டும் ஒன்றே என்றால், குறைந்தது நூற்றைம்பது ஆண்டுகளாக இப்பூச்சி அங்கே இருக்கிறது. வந்தேறியா, மண்ணின் பூச்சியா? வந்தேறி என்றால், அதன் தாயகத்திலிருந்து அதை அழிக்கும் குளவிகளைக் கொண்டுவரலாம். மண்ணின் பூச்சி என்றால், இத்தனை காலம் அதை அடக்கிவைத்தது எது, அந்தத் தடை ஏன் தளர்ந்தது என்று தேட வேண்டும். பெயர் மாறினால் வழியே மாறுகிறது!

2012-ல் தென் ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுச் சுருள் பூச்சியின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். அது ஆஸ்திரேலியாவின் சோயாப் பூச்சியுடன் பொருந்தியது. வாக்கர் 1864-ல் சிம்ப்ளெக்செல்லா என்றாரே, அதே பூச்சி. மூன்று கண்டங்களின் பூச்சிகள் நெருங்கிய உறவு என்பது தெளிவாயிற்று. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய சோதனை பார்ப்பது ஒரே ஒரு ஜீனை. தாய் வழியாக மட்டும் வரும் ஜீன் அது. வழக்கமாக ஒப்பிடப்படும் பகுதி சுமார் 650 எழுத்து நீளமுடையது. நிறத்தை மட்டும் நம்பியது ஒரு குறை என்றால், ஒரு ஜீனை மட்டும் நம்புவதும் அதே குறையின் புதிய வடிவமாகிவிடலாம். உருவம், உறுப்பு, உணவுச் செடி, ஜீன் எல்லாம் சேர்ந்தே தீர்ப்புக் கூற வேண்டும்.

உணவுச் செடி என்றதும் ஒரு செய்தி. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சுருள் பூச்சியோ பழைய உலகத்தைச் சேர்ந்தது. ஆக, கடலை வருவதற்கு முன்பே அது நம் மண்ணின் வேறு அவரையினச் செடிகளில் வாழ்ந்திருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போக அரிசியின் செடியிலும் இப்புழு காணப்படுகிறது. வயலில் கடலை இல்லாத மாதங்களில் பூச்சி எங்கே போகிறது என்பதற்கு இத்தகைய செடிகள் துப்புத் தரும். பழுப்பு நிறம், வெள்ளைப் புள்ளி என்ற வரி இதில் எதையும் சொல்லாது.

இன்னொரு பயனும் உண்டு. 1993-ல் இப்பூச்சியின் பெண் அந்து வெளியிடும் இனக்கவர்ச்சிப் பொருள் கண்டறியப்பட்டு, செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது. அந்த ஆய்வு அப்ரோயேரெமா மோடிசெல்லா என்ற பெயரில் வழங்கிய பூச்சியைப் பற்றியது. பிலோபாட்டா என்று மட்டும் அறிந்து தேடும் மாணவனுக்கு அது கிட்டாமல் போகலாம். பெயர் என்பது அறிவைப் பூட்டிவைத்த அலமாரியின் சாவி. நான்கு அலமாரிகளில் ஒரே பூச்சியின் செய்தி சிதறிக் கிடக்கிறது என்பதையாவது நம் நூல்கள் சொல்ல வேண்டாமா?

வேண்டுவது என்ன?

தமிழில் பூச்சிகளைப் பற்றி எழுதுவோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. உழவர் வழங்கும் பெயரை முதலில் தாருங்கள். அதுவே மாறாமல் நிற்கிறது. அறிவியல் பெயருடன், பெயரிட்டவரையும் ஆண்டையும், பழைய பெயர்களையும் தாருங்கள். நிறத்துக்கு முன் வடிவத்தைக் கூறுங்கள். முன்னிறக்கையின் நீளத்தைக் கூறுங்கள். ஒரு கோட்டோவியம் போடுங்கள். பத்து நிறச் சொற்கள் செய்யாத வேலையை அது செய்யும்.

மாணவ வாசகர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. சுருண்ட கடலை இலைகளைப் புழுவோடு பறித்து, வாயகன்ற சீசாவில் இட்டு, மெல்லிய துணியால் மூடிக்கட்டுங்கள். நாள்தோறும் புதிய இலை வையுங்கள். அந்து வெளிவந்ததும் 10 மடங்கு கைலென்ஸால் பார்த்து வரையுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செடி என்று எழுதிவையுங்கள். சில சீசாக்களில் அந்துக்குப் பதிலாகச் சிறு குளவி வெளிவரலாம். ஏமாற வேண்டாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது உழவனின் நண்பன். விளக்கடியில் பிடித்த அந்து எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் வளர்த்தெடுத்த அந்துக்கோ பிறந்த இலை முதல் எல்லாம் எழுத்தில் இருக்கும். தேதியும் செடியும் குறித்த ஒரு பழைய சீட்டு, நிறச் சொற்கள் நிறைந்த ஒரு பக்கத்தைவிட நூறாண்டு கழித்தும் பயன்படும்.